‘குடியிருப்போர்’ என்பவர் யார்? நலச் சங்கங்களும் நகரத்தின் சாதி எல்லைகளும்

சென்னையின் ஒரு பகுதியில் மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, சாலையோரக் கடை என ஏதேனும் ஒரு சிக்கல் குறித்து ‘பொதுமக்கள் கருத்தை’ அறிய அதிகாரிகள் விரும்பினால், பெரும்பாலும் முதலில் அழைக்கப்படுவது அப்பகுதியின் குடியிருப்போர் நலச் சங்கமே. சங்கத்தின் கடிதத்தாள், செயலாளரின் கையொப்பம், நாளிதழின் நகரப் பக்கத்தில் ஒரு செய்தி ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால் அது ‘பகுதி மக்களின் கோரிக்கை’ ஆகிவிடுகிறது. அதே பகுதியின் கால்வாய்க் கரையில் மூன்று தலைமுறைகளாக வாழும் மக்கள் தண்ணீர் கேட்டுச் சாலையில் அமர்ந்தால், அது ‘சாலை மறியல்’ என்றே பதிவாகிறது. முதலாவது மனுவாகக் கோப்பில் ஏறுகிறது. இரண்டாவது வழக்காகக் காவல் நிலையத்தில் ஏறுகிறது.

இந்த வேறுபாடு தற்செயலானது அன்று. ‘குடியிருப்போர்’ என்ற சொல்லின் எல்லையை வரையும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதிலிருந்தே அது பிறக்கிறது.

ஏழு பேர் போதும்

சட்டத்தின் பார்வையில் நலச் சங்கம் ஒரு தனியார் அமைப்பு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். துணை விதிகளை அவர்களே எழுதிக்கொள்வார்கள். யார் உறுப்பினர், யார் வாக்களிக்கலாம், யார் செயற்குழுவுக்குப் போட்டியிடலாம் என்பதெல்லாம் அவ்விதிகளுக்குள் அடங்கும். மாநகராட்சி வார்டுகளுக்கு உள்ள இட ஒதுக்கீடு இங்கில்லை. பெண்களுக்கோ பட்டியல் சாதியினருக்கோ ஓர் இடமேனும் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பெரும்பாலான சங்கங்களில் உறுப்பினராவதற்கு முதல் தகுதி வீட்டு உரிமை. அடுத்தது சந்தா. வாடகைக்குக் குடியிருப்போர் சில சங்கங்களில் இணை உறுப்பினர்களாகச் சேர்க்கப்படுகிறார்கள், வாக்குரிமை இருப்பதில்லை. பட்டா இல்லாத நிலத்தில் வாழ்பவர் பற்றிய பேச்சே எழுவதில்லை. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் வாழும் மக்களில் பெரும்பகுதியினர் தலித்துகளும் பிற விளிம்புநிலைச் சாதியினருமே. அவர்களிடம் வாக்காளர் அட்டையும் குடும்ப அட்டையும் உண்டு. எனினும் சங்கத்தின் பதிவேட்டில் அவர்கள் ‘குடியிருப்போர்’ அல்லர். அச்சங்கத்தினரின் வீடுகளில் சமைப்பவர், வாசலைக் காப்பவர், தெருவைப் பெருக்குபவர் பலர் அதே வார்டில்தான் உறங்கி எழுகிறார்கள். பகுதியின் உழைப்பில் அவர்களுக்கு இடமுண்டு. பகுதியின் பெயரில் இடமில்லை.

சாதியைப் பெயர் சொல்லி விலக்கும் விதி எங்கும் எழுதப்பட வேண்டியதில்லை. நிலவுடைமையே சாதிவழி பங்கிடப்பட்ட ஒரு சமூகத்தில், உடைமையைத் தகுதியாக்கினாலே போதும். எஞ்சியதைச் சாதி பார்த்துக்கொள்ளும். வெளிப்படையான விலக்கலுக்கு எதிராகக்கூடச் சட்டம் எப்போதும் துணை நிற்பதில்லை. அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என வகுத்திருந்த விதியை, சங்கம் அமைக்கும் உரிமையின் பெயரால் 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு சிறுபான்மைச் சமூகம் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியாக அதனைக் கருதுவோர் உண்டு. ஆனால் அந்தத் தர்க்கம் ஆதிக்கச் சாதிகளின் கையில் என்னவாகும் என்பதை, வாடகைக்கு வீடு தேடி அலைந்த எந்தத் தலித் இளைஞரும் சொல்லிவிடுவார்.

ஆக்கிரமிப்பு என்னும் சொல்

நகர்ப்புற ஏழைகள் தொடர்பான நீதிமன்றத்தின் மொழி பதினைந்து ஆண்டுகளில் எவ்வளவு மாறியது என்பதை இரண்டு தீர்ப்புகள் காட்டும். 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதார உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நடைபாதைவாசிகள் அங்கே வாழ்வது விருப்பத்தினால் அன்று, பிழைப்பின் நிர்ப்பந்தத்தினால் என்பதை அது ஏற்றது. 2000இல், தில்லியின் திடக்கழிவு மேலாண்மை குறித்த அல்மித்ரா பட்டேல் வழக்கில், பொது நிலத்தில் குடியேறியவருக்கு மாற்றிடம் தருவதைப் பிக்பாக்கெட் திருடனுக்குப் பரிசளிப்பதோடு அதே நீதிமன்றம் ஒப்பிட்டது. குப்பையைப் பற்றிய வழக்கு குடிசையைப் பற்றிய தீர்ப்பாயிற்று.

அதே 2000ஆம் ஆண்டில் தில்லி அரசு ‘பாகிதாரி’ என்ற பங்கேற்புத் திட்டத்தைத் தொடங்கி, நலச் சங்கங்களை நேரடியாக அதிகாரிகளோடு மேசையில் அமர்த்தியது. குடிசைப் பகுதிகளுக்கு அம்மேசையில் இருக்கை இல்லை. தூய்மை, பசுமை, பாதுகாப்பு ஆகிய மூன்று சொற்களால் நடுத்தர வர்க்கத்தின் வசதி பொதுநலனாக மொழிபெயர்க்கப்பட்டது. அந்த மொழி இன்று இந்தியாவின் எல்லா மாநகரங்களுக்கும் பொதுவாகிவிட்டது.

சென்னையில் அதன் விளைவை 2022 மே மாதத்தில் கண்டோம். ராஜா அண்ணாமலைபுரம், கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய வீடுகள் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் இடிக்கப்பட்டன. கண்முன் வீடுகள் இடிவதைப் பொறுக்காத முதியவர் ஒருவர் தீக்குளித்து மாண்டார். அதன் பின்னரே இடிப்பு நின்றது. அம்மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளி பகுதிகளிலேயே வீடு வழங்கப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அவ்வழக்கைத் தொடுத்தது சங்கம் அன்று, ஒரு தனிநபர். எனினும் கேள்வி அப்படியே நிற்கிறது. அருகில் மாற்று வீடு தர முடியும் என்பதை அறிவிக்க ஓர் உயிர் ஏன் தேவைப்பட்டது? இடிப்பதற்கு முன் அம்மக்களை உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டிய மன்றம் எது? அப்படியொரு மன்றம் இயங்கவில்லை என்பதே விடை.

தொட்டிக்குள் இறக்கப்படும் மனிதர்

வெளியேற்றத்தைவிட நேரடியான பொறுப்பு ஒன்று சங்கங்களின் தலைமேல் இருக்கிறது. அடுக்குமாடிகளிலும் மனைப்பிரிவுகளிலும் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் அழைப்பவர்கள் சங்கச் செயலாளர்களே. அந்த ‘ஆள்’ எந்தச் சாதியைச் சேர்ந்தவராக இருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மனிதக் கழிவகற்றும் பணியைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, அரசு நிறுவனங்களை மட்டுமன்றி எந்தவொரு நபரையும் முகமையையும் கட்டுப்படுத்துகிறது. பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது குற்றம். நேரடியாகப் பணியமர்த்தினாலும் மறைமுகமாகப் பணியமர்த்தினாலும் குற்றமே. ‘ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம், அவர் யாரை அழைத்து வந்தார் என்று தெரியாது’ என்ற சமாதானம் சட்டத்தின் முன் செல்லாது. முதல் குற்றத்திற்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2014இல் 10 லட்சம் ரூபாயாக இருந்த உயிரிழப்புக்கான இழப்பீட்டை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. பட்டியல் சாதியினரை இவ்வேலையில் ஈடுபடுத்துவதை, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் குற்றமாக்கியுள்ளது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், மரணம் நிகழ்ந்தால் வழக்கு ஒப்பந்தக்காரரோடும் மேற்பார்வையாளரோடும் முடிந்துவிடுவதே வழக்கம். வேலையைக் கொடுத்தவர் குற்றப்பத்திரிகைக்கு வெளியே நிற்கிறார். புலன்விசாரணையின் முதல் கேள்வி, ‘இப்பணிக்கான தொகையை அளித்தது யார்?’ என்பதாக இருக்க வேண்டும். இழப்பை நேர்ந்த குடும்பத்தினரும் அவர்களுக்குத் துணை நிற்கும் தோழர்களும் முதல் தகவல் அறிக்கை பதிவாகும் அன்றே இதனை எழுத்தில் வலியுறுத்துதல் அவசியம்.

2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்திற்கு எதிராக ரிப்பன் மாளிகை முன்பு பதின்மூன்று நாள்கள் அமர்ந்தனர். குப்பை அள்ளப்படவில்லை என்று புகார் எழுதத் தெரிந்த நகரம், அள்ளுபவரின் கூலி குறைகிறது என்பதைத் தன் சிக்கலாகக் கருதவில்லை. அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நாள்தோறும் அவர்களின் உழைப்பால் பயன்பெறும் தெருக்கள் பெரும்பாலும் அமைதி காத்தன.

இருவகைச் சங்கங்கள்

நலச் சங்கம் என்ற வடிவமே தீயது என்பது நமது வாதம் அன்று. கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் சங்கங்கள் உண்டு. நகரத்தின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள், வேலை, பள்ளி, மருத்துவமனை ஆகிய அனைத்திலிருந்தும் அகற்றப்பட்டு அங்கே வாழ்கிறார்கள். குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. அடுக்குமாடிகளின் பராமரிப்பில் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பங்களிக்கும் திட்டமும் வந்தது. ஆனால் இரு சங்கங்களுக்கும் அரசு தரும் இடத்தைக் கவனியுங்கள். வசதியான பகுதியின் சங்கம் அரசிடம் கணக்குக் கேட்கிறது. மறுகுடியமர்வுப் பகுதியின் சங்கம், மின்தூக்கிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பணம் வசூலித்து அரசிடம் கணக்குக் காட்டுகிறது. ஒன்று உரிமையின் அமைப்பு. மற்றொன்று பொறுப்பைக் கைமாற்றிக்கொள்ளும் அமைப்பு.

வாக்காளர் பட்டியலே உறுப்பினர் பட்டியல்

இதற்கு மாற்று ஏட்டில் இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புத் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022இல்தான் வந்தன. ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதி சபைகள் அமைக்கப்பட்டன. சிற்றூர்களுக்குக் கிராம சபை எதுவோ, நகரத்திற்குப் பகுதி சபை அது. வீட்டுப் பத்திரமோ சந்தாவோ இங்குத் தகுதி அன்று. அப்பகுதியின் வாக்காளராக இருப்பதே போதும். கால்வாய்க் கரையில் வாழ்பவரும் மாடி வீட்டில் வாழ்பவரும் ஒரே தரையில் அமரும் மன்றம் நகரத்தில் இது ஒன்றே.

நடைமுறையில் சபைக் கூட்டங்கள் பல வார்டுகளில் சடங்காகிவிட்டன. பகுதிப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். நியமனத்தில் கட்சிக்காரர்களும் சங்க நிர்வாகிகளும் முந்திக்கொள்கிறார்கள். 2022இல் சென்னை மாநகராட்சிக்கு முதன்முறையாக ஒரு தலித் பெண், ஆர். பிரியா, மேயரானார். ரிப்பன் மாளிகையின் உச்சியில் நிகழ்ந்த அந்த மாற்றம் 200 வார்டுகளின் தெருக்களுக்கு இறங்கி வரவேண்டுமெனில், அதற்கான வழி பகுதி சபையே.

ஆகவே நாம் வலியுறுத்த வேண்டியவை நான்கு. முதலாவதாக, எந்தவொரு நலச் சங்கத்தின் கடிதத்தையும் ‘பகுதி மக்களின் ஒப்புதல்’ என மாநகராட்சி ஏற்கலாகாது. அகற்றம், மாற்றிடம், கடைகளை அப்புறப்படுத்துதல் ஆகியவை பகுதி சபையில் வைக்கப்பட்ட பின்னரே முடிவாக வேண்டும். இரண்டாவதாக, பகுதிப் பிரதிநிதி நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு வேண்டும். மூன்றாவதாக, மாநகராட்சிப் பூங்காவையோ திடலையோ பராமரிக்க ஒப்படைக்கப்படும் சங்கம், தன் உறுப்பினர் தகுதியை அப்பகுதியில் வசிக்கும் அனைவருக்கும் திறந்துவிட வேண்டும். பொதுப் பணத்தில் வளரும் இடத்தில் அரசமைப்பின் 15(2)ஆவது உறுப்பு நுழைவுச் சீட்டின்றி நுழையும். பொது இடத்தைப் பயன்படுத்தவிடாமல் தலித் மக்களைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் குற்றமாகும். நான்காவதாக, கழிவுநீர்த் தொட்டியை இயந்திரம் கொண்டு மட்டுமே சுத்தம் செய்வோம் என்ற உறுதிமொழியை ஒவ்வொரு சங்கமும் எழுத்தில் தர வேண்டும்.

அரசு தானாக இவற்றைச் செய்யும் எனக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதிச் சங்கத்தின் துணை விதிகளின் நகலைச் சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். உங்கள் வார்டில் பகுதி சபை எத்தனை முறை கூடியது, என்ன தீர்மானம் நிறைவேற்றியது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சியிடம் கேட்கலாம். அடுத்த கூட்டத்திற்கு, பத்திரம் உள்ளவர்கள் வருவதற்கு முன்பாகவே, வாக்காளர் அட்டையோடு நம் மக்கள் சென்று முன்வரிசையில் அமரலாம். இந்நகரத்தைக் கட்டியவர்கள், இந்நகரத்தின் குடியிருப்போர் என்று தம்மைப் பதிவு செய்துகொள்ள எவருடைய சந்தா ரசீதும் தேவையில்லை.