ஒடித்த வெண்டைக்காய்

"வெண்டைக்காயவே நுனி ஒடிச்சுப் பாத்துதானே வாங்குறோம், பொண்ணப் பத்தி விசாரிச்சா என்ன தப்பு?" கல்யாணத்துக்கு முன் தனியார் துப்பறிவாளரை வைப்பவர்கள் சொல்லும் நியாயம் இதுதான். ஒடித்துவிட்டு வேண்டாமென்று கூடையில் போட்ட வெண்டைக்காயை அடுத்தவர் தொடமாட்டார் என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

சென்னையில் யாரை விசாரித்தாலும் பக்கத்து ஃபிளாட்டுக்குத் தெரியாது. கல்வராயன் மலையில் அப்படியில்லை. வெள்ளிமலை தாலுகாவின் தலைமையிடம்தான், ஆனாலும் வெளியூர் ஆள் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து, "அந்த வீட்டுப் பொண்ணு சென்னையில வேலை பாக்குதாமே, ஆளு எப்படி?" என்று கேட்டால், சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடும். என்னோடு வேலை பார்த்த பெண்ணுக்கு இது நடந்தது. அறிக்கையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஊரில், "ஏதோ இருக்கப் போய்த்தானே விசாரிக்கிறாங்க" என்பது நின்றுவிட்டது. கேள்வியே தீர்ப்பாகிவிட்டது.

இந்தத் தொழிலைக் கேட்பாரும் இல்லை. வாட்ச்மேன் அனுப்பும் நிறுவனத்துக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். துப்பறியும் நிறுவனங்களுக்காக 2007-இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவே இல்லை. போர்டு மாட்டினால் துப்பறிவாளர். 2018-இல் தொலைபேசி அழைப்புப் பட்டியல்களைத் திருட்டுத்தனமாக வாங்கி விற்றதாகத் தானே போலீஸ் துப்பறிவாளர்களைக் கைது செய்தது. ஒரு மாதப் பட்டியல் கிடைத்தால் ஒருத்தி யாரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பேசினாள் என்று என்னைப் போன்ற மென்பொருள்காரன் அரைமணியில் படம் போட்டுவிடுவான். என்ன பேசினாள் என்பது அதில் இருக்காது. அந்த இடத்தை நம்முடைய சந்தேகம் நிரப்பிக்கொள்ளும்.

மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அப்படியொரு பட்டியலைச் சாட்சியமாக ஏற்க 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மறுத்தது. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், ரகசியமாகப் பதிவான தம்பதியின் பேச்சை விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அது கோர்ட் படியேறிவிட்ட மணவாழ்க்கையின் கதை. இன்னும் கைநனைக்காத சம்பந்தத்துக்கு அதில் என்ன அனுமதி இருக்கிறது?

முதல் கல்யாணத்தை மறைப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். சம்பளச் சீட்டைக் கேளுங்கள். விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கேளுங்கள். இருவரையும் நாலு தடவை பேசவிடுங்கள். "அப்படிக் கேட்டா தப்பா நெனப்பாங்களே" என்பார்கள். நேரில் கேட்கக் கூசுவதை முதுகுக்குப் பின்னால் காசு கொடுத்துக் கேட்கக் கூசாதவர்கள்தாம், அந்தப் பெண்ணிடம் நன்னடத்தைச் சான்றிதழ் எதிர்பார்க்கிறார்கள்.