தட்டு வடிவ மூலக்கூறும் நம் கணக்குப் புத்தகமும்

பி.காம் படிக்கிறவனுக்கு ஃப்ளூரின், திரவப் படிகம், பாலிமர் எல்லாம் எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். வில்லியனூரில் செல்போன் டிஸ்ப்ளே மாற்றிப் பாருங்கள், பில் பதில் சொல்லும். (பாகூரிலும் அதே விலைதான்!)

முதலில் கொஞ்சம் வேதியியல். திரவப் படிகம் திரவம் மாதிரி ஓடும், ஆனால் உள்ளே மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் நிற்கும். எல்.சி.டி. திரைக்கு அடிப்படை இதுதான். அந்த மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃப்ளூரினை வைத்தால் அளவு பெரிதாக மாறாது, குணம் மாறிவிடும். பழைய சயனோ வகைகள் அயனி அழுக்கை இழுத்துக்கொண்டதால், டி.எஃப்.டி. திரைகளுக்கு ஃப்ளூரின் வகைகள் வந்தன. இப்படிப்பட்ட மூலக்கூறுகளைப் பாலிமர் சங்கிலியில் கோத்துவிட்டால் அந்த ஒழுங்கை அப்படியே மெல்லிய படலமாக உறைய வைக்கலாம்.

செய்வது பாதி வேலைதான். சூடேற்றும் மேடை வைத்த முனைவாக்க நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், எந்த வெப்பநிலையில் நிலை மாறுகிறது என்று அளக்க வேண்டும், எக்ஸ்-கதிரில் அடுக்கைப் பார்க்க வேண்டும். அப்புறம் வெயில், ஈரம், மின்சாரம் எல்லாவற்றையும் வருடக்கணக்கில் தாங்குமா என்று பார்க்க வேண்டும். நாம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான் என்பது என் கட்சி.

1977-ல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் மூவரும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். அதுவரை குச்சி மாதிரி நீண்டவைதான் ஆகும் என்று நினைத்திருந்தார்கள். வெளியிட்டது நம் நாட்டு ஆய்விதழான 'பிரமாணா'வில். 1990-களில் ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் அதே வகைத் தட்டு மூலக்கூறுகளைப் பாலிமராக்கிப் படலமாகப் பூசி, எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும்படி செய்தது. காசும் பார்த்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நடுவில் இருந்த வருடங்களுக்குச் செலவழித்தவர்கள் அவர்கள்.

எங்கள் பாடத்தில் ஏ.எஸ். 26 என்று ஒரு கணக்கியல் தரம் உண்டு. ஆராய்ச்சிக் கட்டச் செலவை அந்த வருடமே செலவாக எழுதிவிட வேண்டும். பொருளாக்கி விற்க முடியும் என்று நிரூபித்த பிறகு, மேம்பாட்டுக் கட்டச் செலவைத்தான் சொத்தாகக் காட்டலாம். சோதனைக் காலத்தின் பெரும்பகுதி அந்த நிரூபணத்துக்கு முன்னால் வருகிறது. அந்த வருட லாபத்தை அது தின்னும். எந்த முதலாளி விரும்புவார்? அரசுதான் தாங்க வேண்டும். 2021 டிசம்பரில் செமிகண்டக்டருக்கும் டிஸ்ப்ளேவுக்கும் சேர்த்து 76,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. தொழிற்சாலைக் கட்டடம் எழுப்ப மானியம் தருவது சரி, திரைக்குள் போகும் ரசாயனத்தைச் சோதிக்கவும் ஒரு பங்கு ஒதுக்கக் கூடாதா? ஃப்ளூரின் வேதியியல் தெரிந்த நவின் ஃப்ளூரின், எஸ்.ஆர்.எஃப். மாதிரி கம்பெனிகள் இங்கேயே இருக்கின்றன.

அப்படி ஒரு சோதனைக்கூடம் சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு வந்தால், கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு மெடிக்கல் ரெப்பாக அலையும் எங்கள் ஊர் அண்ணன்களுக்கு வேலை இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை. கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பு லேசில் அறுபடாது, அதனால் இந்தக் குடும்பத்தில் பல பொருட்கள் தண்ணீரில் கலந்தால் மக்காமல் கிடக்கும். ஊசுட்டேரி பக்கத்திலேயே இருக்கிறது. கழிவுநீரைச் சோதிக்கும் செலவையும் முதல் நாள் பட்ஜெட்டிலேயே எழுதிவிட வேண்டும்.