பட்டமா, கைத்திறனா?

கணினி நிரல் எழுதும் வாலிபனின் திறமைக்குப் பட்டமொன்றே அத்தாட்சி என்ற எண்ணம் தளர்ந்துவருகிறது. 1991-இல் பின்லாந்து தேசத்து மாணாக்கர் லினஸ் டோர்வால்ட்ஸ் தமது லினக்ஸை யாவரும் பார்த்துத் திருத்தும்படி வெளியிட்டார். 2008-இல் தோன்றிய கிட்ஹப், அவ்விதம் பொதுவில் எழுதப்படும் ஒவ்வொரு வரியையும், எழுதியவர் பெயருடனும் தேதியுடனும் முதலாளிகளுக்குக் காட்டுகிறது. சிபார்சுக் கடிதம் பெற வகையற்ற ஏழை மாணாக்கனும் இவ்வழியே தன் கைத்திறனை நிரூபிக்கலாம். இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், பகலெல்லாம் உத்தியோகம் பார்த்து இரவில் குடும்பம் பேணுவோருக்கு இலவசமாய் எழுத ஓய்வேது? அவர்கள் செய்த வேலையோ கம்பெனியின் இரகசியமாய்ப் பூட்டிக்கிடக்கிறது. பொதுவில் காட்ட ஒன்றுமில்லையென்று அன்னாரைத் தள்ளுவது அநீதி. நேரில் அழைத்துச் சோதிக்கட்டும். பரீட்சையென்று நாட்கணக்கில் வேலை வாங்கினால் உரிய ஊதியம் அளிக்கட்டும். இதுவே நியாயமென்பது நமது துணிபு.