முருங்கைக்காயை முறுக்கிப் பாக்குறோம், கோச்சை?

1/ ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல முருங்கைக்காய் வாங்குறவர் கண்ணை மூடிட்டு வாங்க மாட்டார். ஒரு காயை எடுத்து முறுக்கிப் பார்ப்பார். தக்காளிப் பெட்டியில மேல் அடுக்கை நம்பாம அடியில கையை விட்டுப் பார்ப்பார். அதே ஆள், "நான் வெல்னெஸ் கோச் சார்"னு ஒருத்தர் சொன்னதும் தன் கிட்னியையும் கல்லீரலையும் ஒரு கேள்வி கேட்காம ஒப்படைச்சுட்டு வர்றார். கேட்க வேண்டிய கேள்விகளுக்காக இந்த நீண்ட இழை.

2/ முதல்ல ஒன்னு தெளிவா சொல்லிடறேன். நடங்க, எடை தூக்குங்க, சோத்தைக் குறைச்சு பருப்பு, முட்டை, காய்கறியைக் கூட்டுங்கன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோபமே இல்லை. 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். இத்தனை பேர் கூடவும் நின்னு பழக்கத்தை மாத்த டாக்டர்களால மட்டும் முடியாது. நல்ல பயிற்சியாளர்கள் வேணும். அதனாலதான் போலிகளைப் பத்திப் பேசியாகணும்.

3/ சட்டம் என்ன சொல்லுது? 2021ல் துணை மருத்துவத் துறைகளுக்குன்னு மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. உணவியல் நிபுணர், பிசியோதெரபிஸ்ட் எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்காங்க. "வெல்னெஸ் கோச்", "லைஃப்ஸ்டைல் கோச்", "ஃபேட் லாஸ் எக்ஸ்பர்ட்" இல்லை. டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருக்கிற மாதிரி கட்டாயப் பதிவு ஜிம் டிரெய்னருக்குக் கிடையாது. இன்னைக்குக் காலையில பேனர் அடிச்சா சாயங்காலம் அவர் கோச்.

4/ "சர்டிபிகேட் இருக்கே டாக்டர்" என்பீங்க. யார் கொடுத்தது? பவுடர் விக்கிற கம்பெனியே மண்டபம் பிடிச்சு ரெண்டு நாள் வகுப்பு எடுத்துக் கொடுத்த தாள்னா, அது விற்பனைப் பயிற்சிக்கான சான்று. உங்க உடம்பைப் பத்தின படிப்புக்கு இல்லை.

5/ நடைமுறை எப்படின்னு பாருங்க. காலையில கூப்பிடுவாங்க. கையில ஒரு மெஷினைப் பிடிக்கச் சொல்வாங்க. "உங்க வயசு 41, ஆனா உடம்பு வயசு 63" என்பாங்க. பயந்துடுவீங்க. அந்த மெஷின் உடம்புக்குள்ள சின்ன மின்சாரத்தை அனுப்பி, கொழுப்பு இவ்வளவு இருக்கலாம்னு கணக்குப் போடுது. ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சுட்டுப் பிடிச்சாலே எண் மாறும். அது நோயறிதல் கிடையாது. பயம் வந்த அஞ்சாவது நிமிஷம் ஷேக் டப்பா வெளிய வரும்.

6/ இங்கதான் மொத்தச் சிக்கலும். உங்களுக்கு என்ன தேவைன்னு சொல்றவரும், அதை விக்கிறவரும் ஒரே ஆள். நிறுத்தலாம்னு அவர் எப்பவாவது சொல்வாரா? 2016ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழக்கில் ஹெர்பாலைஃப் நிறுவனம் 20 கோடி டாலர் கொடுத்து, வியாபார முறையையும் மாத்திக்க ஒப்புக்கொண்டது. விநியோகஸ்தர்களில் பெரும்பாலானவர்கள் சொல்லிக்கிற மாதிரி எதுவும் சம்பாதிக்கலைங்கிறதுதான் ஆணையத்தின் குற்றச்சாட்டு. உங்களைச் சேர்த்துவிடற பக்கத்து வீட்டு அக்காவும் பல நேரம் ஏமாந்தவர்தான்.

7/ "பவுடர் என்ன பண்ணிடும்?" கேளுங்க. கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரை போடுறவர் திடீர்னு காலை, இரவு உணவை நிறுத்தினா, மாத்திரை நிறுத்தாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின் போடுறவர் மாவுச்சத்தை அடியோட நிறுத்தினா ரத்தம் அமிலமாகலாம். அப்போ குளுக்கோமீட்டர்ல எண் ஓரளவு சரியாத்தான் காட்டும். ஆள் ஐசியுவில் இருப்பார். டைப் 1 நோயாளிக்கு "இன்சுலினை நிறுத்துங்க"ன்னு சொல்றது கொலைக்குச் சமம்.

8/ கிட்னி பாதிச்சவருக்குப் புரதம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்பது ரத்தப் பரிசோதனை பார்த்து முடிவு பண்ண வேண்டியது. கிரியாட்டினின் என்னன்னே கேட்காம மூணு ஸ்கூப் பவுடரும் பச்சைக் காய்கறி ஜூஸும் எழுதிக் கொடுக்கிறவரை என்னன்னு சொல்றது?

9/ ஜிம் தம்பிகளுக்கு. "சைக்கிள் போடலாம் தம்பி"ன்னு மாஸ்டர் ஊசி எடுத்தா வெளிய வந்துடுங்க. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனா உங்க விரை தன் உற்பத்தியை நிறுத்தும். விந்தணு குறையும். இதயத் தசை தடிக்கும். இது டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாத மருந்து.

10/ டப்பாவில் எழுதினது உள்ள இருக்குதா? 2024ல் இந்தியாவில் விக்கிற 36 புரதப் பவுடர்களைச் சோதிச்ச ஓர் ஆய்வில் சுமார் 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளோட ஒத்துப்போகலை. அதே வருஷம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடம்பை ஏத்த புரதப் பவுடர் வேண்டாம்னே சொல்லுது.

11/ "எனக்கு 12 கிலோ குறைஞ்சுதே!" குறையும். ரெண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு டம்ளர் குடிச்சா யாருக்கும் குறையும். டப்பா வாங்குறதை நிறுத்தின ஆறாவது மாசம் எடை என்னன்னு சொல்லுங்க.

12/ "டாக்டருங்க மட்டும் யோக்கியமா, கமிஷன் வாங்கலையா?" நியாயமான கேள்வி. அதை டாக்டர்கிட்டயும் கேளுங்க. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணையும் கேளுங்க. என் மேல புகார் கொடுக்க கவுன்சில் இருக்கு. உங்க கோச் மேல எங்க போய் கொடுப்பீங்க?

13/ பணம் கட்டுறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி:
• எந்தக் கல்லூரியில், என்ன படிச்சீங்க, எத்தனை வருஷம்?
• நீங்க சொல்ற பொருளை நீங்களே விக்கிறீங்களா?
• என் மருந்துச் சீட்டையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்தீங்களா?
• எந்த நிலைமையில என்னை டாக்டர்கிட்ட அனுப்புவீங்க?
• எத்தனை மாசத்தில நீங்க இல்லாம நானே பார்த்துக்க முடியும்?

நாலாவது கேள்விதான் உரைகல். தன் எல்லை தெரிஞ்சவர்தான் தகுதியானவர். "எல்லாத்தையும் நாங்களே சரி பண்ணிடுவோம்"னா எழுந்துடுங்க. இந்த மருந்து சர்க்கரை நோயைக் குணமாக்கும்னு விளம்பரம் பண்றதையே 1954ல் வந்த சட்டம் தடுக்குது.

14/ அப்போ யார்கிட்ட போறது? உணவுக்கு, ஊட்டச்சத்துத் துறையில் எம்எஸ்சி முடிச்சவர், அல்லது இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வு எழுதினவர். மூட்டுவலி, முதுகுவலி இருந்தா ஜிம்முக்கு முன்னாடி பிசியோதெரபிஸ்ட். நடமாட முடியாத பெரியவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருது. பயிற்சிக்கு, உடற்கல்வி பட்டம் படிச்சவர். பிபி, சுகர் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசே வேண்டாம்.

15/ இந்த வாரம் ஒரு வேலை. அந்த அஞ்சு கேள்வியையும் உங்க கோச்சுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. நல்ல கோச் சந்தோஷமா பதில் சொல்வார். "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?"னு திருப்பிக் கேட்டா, உங்களுக்குப் பதில் கிடைச்சாச்சு. கட்டின பணம் போனாப் போகட்டும், கிட்னியையாவது காப்பாத்திக்கங்க.