பிள்ளையின் ஆர்வத்துக்கு பீஸ் ரேட் வேண்டாம்!

கம்ப்யூட்டர் வாங்கி வீட்டில் வைத்தாயிற்று. பிள்ளை அதை நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். "ஒரு பாடம் முடித்தால் பத்து ரூபாய்" என்று சொல்லிப் பார்க்கலாமா? உங்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் தோன்றியது. செய்தும் பார்த்தேன். என்ன ஆனது என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் திருப்பூர். இங்குள்ள பனியன் கம்பெனிகளில் டெய்லர்கள் பலருக்கு பீஸ் ரேட்தான் கூலி. எத்தனை பீஸ் தைத்தார்களோ அத்தனைக்குக் காசு, சனிக்கிழமை சம்பளம். என் அப்பா அப்படித் தைத்துத்தான் என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். எனவே காசு கொடுத்தால் வேலை நடக்கும் என்பது சின்ன வயதிலேயே என் மனதில் பதிந்துவிட்டது.

அக்கா வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அக்கா பையனுக்குப் பத்து வயது. முதல் வாரம் முழுக்க பெயிண்ட் புரோகிராமைத் திறந்து மயில், லாரி, பாட்டியின் மூக்குக்கண்ணாடி என்று வரைந்து தள்ளினான். இந்த ஆர்வத்தை இன்னும் கொஞ்சம் தூண்டிவிடலாமே என்று ஒரு படத்துக்குப் பத்து ரூபாய் என அறிவித்தேன்.

படங்கள் குவிந்தன. திறந்து பார்த்தால் எல்லாம் ஒரு வட்டம், ஒரு கோடு, ஏதோ ஒரு கலர். மாதக் கடைசியில் காசை நிறுத்தினேன். அவனும் வரைவதை நிறுத்திவிட்டான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்தோடு எழுத்தைச் சேர்ப்பது எப்படி என்று காட்ட உட்கார்ந்தேன். அவன் கேட்டான்: "மாமா, இதுக்கு எவ்வளவு?"

எனக்குச் சுருக்கென்றது. கெடுத்தது நான்தான்.

உளவியல் அறிஞர்கள் இதை எப்போதோ சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இது. அமெரிக்காவில் ஒரு நர்சரிப் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்பே சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பின் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, முதல் பிரிவுக் குழந்தைகள் மற்றவர்களைவிடச் சுமார் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை.

ஏன் இப்படி? "பிடித்திருக்கிறது, செய்கிறேன்" என்றிருந்த மனம், "பரிசுக்காகச் செய்கிறேன்" என்று கணக்கை மாற்றிக்கொள்கிறது. பரிசு நின்றால் காரணமும் போய்விடுகிறது. எட்வர்ட் டெசி என்பவர் 1971-ல் கல்லூரி மாணவர்களுக்குப் புதிர் கொடுத்துச் செய்த சோதனையிலும், காசு கொடுத்ததால் ஆர்வம் குறைந்தது. ஆனால் வாயாரப் பாராட்டியதால் குறையவில்லை.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1999-ல் டில்லி கல்காஜியில் சுகதா மித்ரா ஒரு சுவரில் கம்ப்யூட்டரைப் பதித்து வைத்தார். பக்கத்துக் குடிசைப் பகுதிக் குழந்தைகள் தாங்களாகவே வந்து, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்து, இன்டர்நெட் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஆசிரியரே வேண்டாம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குழந்தைகளை இழுத்தது காசு அல்ல, ஆர்வம்.

பீஸ் ரேட்டை நான் குறை சொல்லவில்லை. அப்பா வாங்கியது உழைப்புக்கான கூலி. அது வேறு. டைப்பிங் பயிற்சி போல அலுப்பான வேலைக்குச் சின்னப் பரிசு கொடுத்தாலும் தப்பில்லை. அங்கே கெடுவதற்கு ஆர்வம் என்று ஒன்று இருப்பதில்லை. பிள்ளை தானாகவே ஆசைப்பட்டுச் செய்யும் வேலைக்கு மட்டும் விலை வைக்காதீர்கள்.

பதிலாக என்ன செய்யலாம்? பக்கத்தில் உட்காருங்கள். "இதை எப்படிச் செய்தாய்? எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். நன்றாக இருந்தால் எது நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பாராட்டுங்கள். பரிசு கொடுக்க ஆசையா? முன்கூட்டிச் சொல்லாமல் ஒருநாள் கொடுங்கள்.

இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன். பழைய வேகம் இன்னும் அவனிடம் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் போன வாரம் போனில் கூப்பிட்டான். "மாமா, எழுத்தை வளைச்சு எழுத முடியுமா?" வேர்டு புரோகிராமில் வேர்டு ஆர்ட் இருக்கும் இடத்தைச் சொன்னேன். எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை.