பல மரம் கண்ட தச்சன்

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்பது நம்மவர் பழமொழி. இப்பல்கலைக்கழகத்தில் வந்திறங்கிய முதற் கிழமையிலேயே மூத்த மாணவர்கள் இதனை வேறு சொற்களில் நமக்கு ஓதிவிடுகின்றனர். “பாட்டும் கூத்தும் ஊரோடு போகட்டும், வேலைக்குரிய படிப்பைப் பிடித்துக்கொள்!” அன்பினால் கூறும் அறிவுரைதான். ஆயினும் நான் அதனை ஏற்பதற்கில்லை, நண்பர்களே.

ஜெஃப் ராஸ்கின் என்ற அமெரிக்கரை எண்ணிப் பாருங்கள். 1943-இல் பிறந்தவர். கணினியில் படம் வரையும் முறைபற்றி 1967-இல் ஆய்வேடு எழுதி முதுநிலைப் பட்டம் பெற்றார். பட்டம் கணினியில், பின்னர் ஆசிரியராய் அமர்ந்ததோ கலிபோர்னியாவில் ஒரு கலைத்துறையில்! ஆர்கன் வாசித்தார். சான் பிரான்சிஸ்கோவில் இசை நாடகக் குழுவை நடத்தினார். மாதிரி விமானங்கள் வடிவமைத்தார். நம் மூத்தவர்கள் கண்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பர்.

இவர்தாம் 1978-இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்து, மறு ஆண்டு மாக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கியவர். தமக்குப் பிடித்த ஆப்பிள் பழவகையின் பெயரையே அதற்குச் சூட்டினார். கருத்து வேற்றுமையால் 1982-இல் விலகினார். 1984-இல் வெளிவந்த பொறி அவர் கனவு கண்டதன்று. அதிலிருந்த மௌஸ் அவருக்கு உவப்பானதுமன்று.

அவர் உள்ளத்தைக் காண விரும்புவோர் 1987-இல் வந்த கேனன் கேட் என்னும் கணினியைப் பார்க்கவேண்டும். அதில் மௌஸ் இல்லை. படச் சின்னங்களும் இல்லை. இடைவெளி விசைக்குக் கீழே இரண்டு புதிய விசைகள் இருந்தன. முன்னோக்கித் தேட ஒன்று, பின்னோக்கித் தேட ஒன்று. பெருவிரலால் ஒன்றை அழுத்திப் பிடித்தபடி, வேண்டிய சொல்லின் முதல் எழுத்துக்கள் சிலவற்றைத் தட்டினால் போதும். குறி அச்சொல்லிடம் தாவிவிடும். விரலை எடுத்தால் தேடலும் முடிந்தது.

ஏன் அழுத்திப் பிடிக்கவேண்டும்? கேப்ஸ் லாக் இயங்குவதை மறந்து கடவுச்சொல்லை மும்முறை தவறாகத் தட்டிய அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? அந்த மறதிக்குக் குற்றவாளி நாமல்லர், பொறியே என்பது ராஸ்கின் கட்சி. 2000-இல் வெளியான தம் நூலில் இதனை விரிவாக வாதிட்டார். விரல் அழுத்திக்கொண்டிருக்கும் வரை மனம் மறவாது. ஆர்கனில் கையும் காலும் பழக்கியவருக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கியிருக்கும் என்பது என் ஊகம், சான்று கேளாதீர்!

கேட் சந்தையில் நிலைக்கவில்லை, விரைவிலேயே நிறுத்தப்பட்டது. பழமொழிக்காரர் நகைக்கலாம். நகைக்கட்டும். மதிப்பெண் ஒன்றையே கண்டவருக்கு, விசையைத் தட்டும் மனிதனின் விரல் கண்ணில் படுமா? 2005-இல் மறையும்வரை ராஸ்கின் அந்த விரலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

என் அறைத் தோழரின் மிருதங்கம் மூன்று பருவமாகக் கட்டிலுக்கு அடியில் உறையோடு கிடக்கிறது. பொங்கல் விழாவுக்கு அதனை வெளியே எடுக்கும்படி கேட்டிருக்கிறேன். தேர்வு அட்டவணை வரட்டும் என்கிறார்.