'எந்தத் தெரு?' என்று கேட்காதீங்க!

கொல்கத்தா சோனாகாச்சி. "அந்தத் தெருவா?" என்று ஊரே முகம் சுளிக்கும் இடம். 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா அங்கே எய்ட்ஸ் தடுப்பு வேலையைத் தொடங்கினார்.

ஆணுறை கொடுத்தால் போதுமா? ரவுடி கத்தியைக் காட்டினால் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

அந்தப் பெண்களே கூடினார்கள். 1995-ல் 'துர்பார்' சங்கம் பிறந்தது. ரவுடிகளின் அடாவடியை எதிர்த்துத் திரண்டார்கள். "உறை இல்லையா? நடையைக் கட்டு!" என்று சொல்லும் துணிச்சல் வந்தது.

பலாத்காரத்துக்கு ஆளானவர் பாலியல் தொழிலாளியானாலும் உடனே சிகிச்சை தரணும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. 72 மணி நேரத்துக்குள் மருந்தை ஆரம்பித்து, 28 நாள் சாப்பிட்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க வழி உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் "நீ எந்தத் தெரு?" என்று விரட்டுவது பாவம் மட்டுமல்ல, சட்டப்படி குற்றம்!